சொல் விளக்கம்: எலெக்ட்ரானிக் நேவிகேஷனல் சார்ட்

கப்பல் தரைதட்டிய செய்தியிலோ துறைமுக அறிவிப்பிலோ 'இ.என்.சி.' என்ற மூன்றெழுத்து வந்துவிட்டால் தமிழில் எழுதுபவர் கொஞ்சம் திண்டாடிப் போகிறார். விரித்தால் எலெக்ட்ரானிக் நேவிகேஷனல் சார்ட். சிலர் இதை மின்னணு வரைபடம் என்கிறார்கள், சிலர் டிஜிட்டல் கடல் வரைபடம் என்கிறார்கள். 'மின்னணு வழிசெலுத்தல் விளக்கப்படம்' என்று இயந்திர மொழிபெயர்ப்பின் வாடை அடிக்கும் வடிவமும் உலவுகிறது. எதைப் படித்தாலும், செல்பேசியில் ஊருக்கு வழி பார்க்கும் வரைபடத்தைப் போல கடலுக்கும் ஒன்று இருக்கிறது என்றுதான் தோன்றும். அது சரியல்ல. திரையில் தெரியும் கடல் வரைபடம் எல்லாம் இ.என்.சி. ஆகிவிடாது.

வரையறையைப் பார்த்தால் இது விளங்கும். கடலின் ஆழத்தையும் கரையையும் அளந்து வரைபடமாக்கும் அரசு அலுவலகங்களுக்கு உலக அளவில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. 1921-இல் மொனாக்கோவில் தொடங்கிய அதன் இன்றைய பெயர் இன்டர்நேஷனல் ஹைட்ரோகிராஃபிக் ஆர்கனைசேஷன், சுருக்கமாக ஐ.எச்.ஓ. அது தரும் வரையறையின் சாரம் இது: உள்ளடக்கம், கட்டமைப்பு, வடிவம் ஆகிய மூன்றும் தரப்படுத்தப்பட்ட ஒரு தரவுத்தளம், கடல் வரைபடத்தைத் திரையில் காட்டும் எக்டிஸ் என்ற கப்பல் கருவியில் பயன்படுத்துவதற்கானது, ஓர் அரசோ, அரசு அதிகாரம் அளித்த அலுவலகமோ வெளியிட்டது. கடைசிப் பகுதிதான் முதுகெலும்பு. ஒரு தனியார் நிறுவனம் எவ்வளவு அழகாக, எவ்வளவு நுணுக்கமாகக் கடல் வரைபடம் செய்து விற்றாலும் அதை இ.என்.சி. என்று சொல்ல முடியாது. அரசின் பொறுப்பு பின்னால் நின்றால்தான் அந்தப் பெயர். ஆனால் ஆங்கிலப் பெயரில் உள்ள மூன்று சொற்களில் ஒன்றுகூட அரசைக் குறிக்கவில்லை. தமிழாக்கத்தில் வரும் குழப்பத்துக்கு வேர் அங்கேயே இருக்கிறது.

இனி அந்த மூன்று சொற்கள்.

சார்ட் என்பதன் மூலம் கிரேக்கம். கார்ட்டேஸ் என்றால் பாப்பிரஸ் தாள். லத்தீனில் அது கார்ட்டா ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கார்டு, சார்ட்டர், கார்ட்டூன் எல்லாம் இதே குடும்பம்தான். மேப் என்ற சொல்லின் கதை வேறு: லத்தீன் மாப்பா என்றால் துணி, கைத்துடைப்புத் துணி. உலகத்தைத் துணியில் வரைந்தவர்கள் விட்டுச்சென்ற பெயர் அது. தமிழில் படம் என்ற சொல்லுக்கும் துணி என்ற பழைய பொருள் உண்டு. மயிலுக்குப் பேகன் போர்த்திய போர்வையைப் புறநானூறு 'படாஅம்' என்கிறது. ஆக, வேரை மட்டும் பார்த்தால் நம் வரைபடம் மேப்புக்குத்தான் பக்கத்து வீடு.

ஆனால் கப்பலில் வேலை செய்பவர்கள் சார்ட்டை மேப் என்று சொல்ல மாட்டார்கள்; சொன்னால் உடனே திருத்துவார்கள். மேப் என்பது எது எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதற்கு. சார்ட் என்பது வேலை செய்வதற்கான தளம். அதன்மேல் செல்லும் திசையைக் கோடு போடுவார்கள், இருக்கும் இடத்தைக் குறிப்பார்கள், தூரத்தை அளப்பார்கள், அழித்துவிட்டு மறுபடி போடுவார்கள். இந்த வேறுபாட்டைத் தமிழில் காட்ட 'வழி' என்ற சொல் கைகொடுக்கும். கடல் வரைபடம் என்றால் பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் பெருங்கடல்களின் படமாகவும் இருக்கலாம். கடல்வழிப்படம் என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

நேவிகேஷன் என்பது நாவிஸ் என்ற கப்பலும் அகெரே என்ற ஓட்டுதலும் சேர்ந்த லத்தீன் கூட்டு. இதற்கு நேர்ச் சொல் தேடி அலைய வேண்டியதே இல்லை. 'நளியிரு முந்நீர் நாவாய் ஓட்டி' என்று கரிகாலனின் முன்னோரைப் பாடும்போது வெண்ணிக் குயத்தியார் அதே இரண்டு சொற்களைத்தான் அடுத்தடுத்து வைக்கிறார். 'வழிசெலுத்தல்' என்று இன்று எழுதுகிறோமே, அது எனக்கு ஒட்டவே இல்லை. வழியை யாரும் செலுத்துவதில்லை, கலத்தைத்தான் செலுத்துகிறோம். கலம் செலுத்துதல், கப்பலோட்டுதல் என்று சொன்னால் போதும்.

எலெக்ட்ரானிக் என்பதில் சிக்கல் குறைவு. தமிழ்நாட்டில் மின்னணு, இலங்கையில் இலத்திரனியல். கூட்டுச்சொல்லில் மின் என்று சுருக்கிக்கொள்வது மின்னஞ்சல், மின்நூல் வழியாக நமக்குப் பழகிவிட்டது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பெயரில் படம் என்று இருந்தாலும் இ.என்.சி. படமே அல்ல. பழைய காகிதப் படத்தை ஸ்கேன் செய்து திரையில் காட்டுவது வேறு வகை. அதற்கு ராஸ்டர் சார்ட் என்று தனிப் பெயர் உண்டு. இ.என்.சி.யில் ஒவ்வொரு பாறையும், மிதவையும், ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் ஆழக்கோடும், விளக்கும் தனித்தனிப் பொருளாகத் தன் தன்மைகளோடு பதிவாகியிருக்கும். ஒரு கலங்கரை விளக்கம் என்றால் அதன் உயரம், நிறம், எத்தனை நொடிக்கு ஒருமுறை மின்னும், எவ்வளவு தூரத்துக்குத் தெரியும் என்பதெல்லாம் அந்தப் பதிவுக்குள் இருக்கும். அவற்றைப் படமாக வரைந்து காட்டுவது எக்டிஸ் கருவியின் வேலை.

இதனால் என்ன பயன்? கருவியால் படத்தைப் 'படிக்க' முடிகிறது. ஒரு கப்பல் நீருக்குள் 11 மீட்டர் அமிழ்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அலை, நீரோட்டம், ஓரளவு இடைவெளி எல்லாம் சேர்த்து 15 மீட்டருக்குக் குறைந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று தலைமை மாலுமி கருவியில் குறிக்கிறார். கருவி 15 மீட்டர் ஆழக்கோட்டைத் தடித்துக் காட்டி, கப்பல் அதைக் கடக்கப் போனால் எச்சரிக்கை ஒலி எழுப்பும். ஆனால் தரவில் 10 மீட்டர் கோடும் 20 மீட்டர் கோடும் மட்டுமே இருந்தால்? கருவி தானாக 15-ஐக் கற்பனை செய்துகொள்ளாது. அடுத்த ஆழமான 20-ஐ எடுத்துக்கொள்ளும். ஆழக்கோடுகளை எத்தனை நெருக்கமாகத் தருவது என்று ஓர் அலுவலக மேசையில் எடுத்த முடிவு, எங்கோ ஒரு கால்வாயில் கப்பல் எந்தப் பக்கம் போகலாம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

தரவு எவ்வளவு நம்பத்தக்கது என்பதும் உள்ளேயே பதிவாகியிருக்கும். நம்பகத்தன்மையை ஏ1, ஏ2, பி, சி, டி என்று தரம் பிரித்திருக்கிறார்கள். மதிப்பிடாத பகுதிக்கு யு. ஏ1 என்றால் இருப்பிடம் 5 மீட்டருக்குள் சரி. சி என்றால் 500 மீட்டர் வரை விலகியிருக்கலாம். இரண்டும் திரையில் ஒரே பளபளப்போடு தெரியும் என்பதுதான் ஆபத்து. காகிதத்தில் அளவீடு அரிதாக இருந்தால் வெள்ளை இடம் கண்ணில் படும், பார்ப்பவரும் எச்சரிக்கையாவார். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கூர்மையாகவே நிற்கும்.

இத்தனையையும் யார் தயாரிக்கிறார்கள்? ஒரே அலுவலகத்தால் முடியாது. அமெரிக்காவை எடுத்துக்கொண்டால், கடலோரப் படங்களை வெளியிடுவது நோவா என்ற அரசு நிறுவனத்தின் கடற்கரை அளவைப் பிரிவு. 1807-இல் ஜெஃபர்சன் காலத்தில் தொடங்கிய கடற்கரை அளவையின் தொடர்ச்சி அது. ஆனால் கப்பல் கால்வாய்களைத் தூர்வாரி ஆழத்தை அளப்பது ராணுவப் பொறியாளர் பிரிவு. மிதவைகளையும் விளக்குகளையும் வைத்துப் பராமரிப்பது கடலோரக் காவல்படை. ஒரு மிதவை இடம் மாறினால் முதலில் தெரிவது காவல்படைக்கு. படத்தில் மாற்ற வேண்டியது நோவா. அமெரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள கடல்களுக்கு வேறொரு நிறுவனம் இருக்கிறது, அது பாதுகாப்புத் துறையின்கீழ் வருவது. இவை ஒன்றுக்கொன்று தகவலைச் சேர்க்காவிட்டால் படம் வெளிவந்த அன்றே பழசு.

ஆறுகளுக்கு இந்த ஏற்பாடு தாமதமாகத்தான் வந்தது. 1993 செப்டம்பர் 22 அன்று அலபாமாவில் மூடுபனியில் வழிதவறிய இழுவைப் படகு ஒன்று, தான் தள்ளிச் சென்ற தோணிகளோடு ஓர் ஓடையின் மேலிருந்த ரயில் பாலத்தில் மோதியது. சற்று நேரத்தில் பாலத்துக்கு வந்த பயணிகள் ரயில் தடம்புரண்டு நீரில் விழுந்து 47 பேர் இறந்தார்கள். படகோட்டியிடம் ரேடார் இருந்தது, அந்த ஓடையைக் காட்டும் வரைபடம் இல்லை. இன்று உள்நாட்டு நீர்வழிகளுக்கான மின்படங்களை அதே ராணுவப் பொறியாளர் பிரிவே தயாரித்து வெளியிடுகிறது.

நாடுகளுக்கிடையே கதை இன்னும் சிக்கலானது. இ.என்.சி. சிறுசிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஒரே கடற்பகுதிக்கு இரண்டு நாடுகள் ஒரே அளவுகோலில் இரண்டு கட்டங்களை வெளியிட்டால் எதைக் காட்டுவது என்று கருவி தடுமாறும். யாருமே வெளியிடாவிட்டால் ஓட்டை. எல்லைத் தகராறு உள்ள இடங்களில் இரண்டுமே நடக்கும். படம் வெளியிடுவதை உரிமை கோருவதாக எடுத்துக்கொள்வதால் நிபுணர்கள் முடிக்க வேண்டியது தூதர்கள் கைக்குப் போய்விடுகிறது. இதற்காகத்தான் 1990-களில் ஐ.எச்.ஓ. சில கொள்கைகளை வகுத்தது: ஒரு பகுதிக்கு ஒரே இ.என்.சி., அதை அந்தக் கரை நாடே தயாரிக்கட்டும், அண்டை நாடுகள் விளிம்புகளைப் பொருத்திக்கொள்ளட்டும். பல நாடுகளின் கட்டங்களைச் சரிபார்த்து ஒன்றாக வழங்க நார்வே நடத்தும் பிரைமார், பிரிட்டனில் உள்ள ஐ.சி.-இ.என்.சி. ஆகிய கூட்டு மையங்கள் உருவாயின. எல்லாரும் ஒரே முறையில் பதிவு செய்ய எஸ்-57 என்ற தரநிலை வந்தது.

நல்ல முன்மாதிரி மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகள். அங்கே இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் என்ற மூன்று கரை நாடுகளும் ஜப்பானும் சேர்ந்து 1990-களில் ஆழத்தை மறுபடி அளந்து, அப்புறம் நீரிணைக்கான மின்படத்தைக் கூட்டாகவே வெளியிட்டன. ஜப்பானுக்கு அங்கே கரை கிடையாது. அதன் எண்ணெய்க் கப்பல்களுக்கு அதுதான் வழி.

அரசு முத்திரை இருந்தால் தவறே வராது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2013 ஜனவரியில் அமெரிக்கக் கடற்படையின் கார்டியன் என்ற கண்ணிவெடி அகற்றும் கப்பல் பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளப்பாறையில் ஏறி நின்றது. கப்பலின் டிஜிட்டல் படத்தில் அந்தப் பாறை உண்மையான இடத்திலிருந்து சுமார் 8 கடல்மைல் தள்ளிப் பதிவாகியிருந்தது. அந்தப் படத்தைத் தயாரித்ததும் ஓர் அரசு நிறுவனம்தான். என்ன, அது கரை நாட்டின் நிறுவனம் அல்ல. அத்தனைக்கும் துப்பதாஹா உலகப் பாரம்பரியச் சின்னம், அதில் கலங்கரை விளக்கமும் இருக்கிறது. கப்பலை மீட்க முடியாமல் அங்கேயே துண்டுதுண்டாக வெட்டி எடுத்தார்கள்.

இப்போது தமிழ்ப் பெயருக்கு வருவோம். என் பரிந்துரை மின்கடல்வழிப்படம். சுருக்கமாக மின்படம். ஆனால் தனியார் தயாரிப்பிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில், குறிப்பாகச் சட்டமும் விபத்து விசாரணையும் பற்றி எழுதும்போது, அரசு மின்கடல்வழிப்படம் என்று முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்தே ஆக வேண்டும். நீளம்தான். இருந்தாலும் சோலாஸ் என்ற கடற்பாதுகாப்பு உடன்படிக்கை கேட்பது அந்த ஒரு தகுதியைத்தான். 2012 முதல் 2018 வரை படிப்படியாகப் பெரிய கப்பல்களுக்கு எக்டிஸ் கட்டாயமானது. அரசு வெளியிட்ட படம் உள்ளே இல்லாவிட்டால் அந்தக் கருவியை வைத்திருந்தும் சட்டத்தின் கணக்கில் படம் இல்லாத கப்பல்தான்.

தரவுத்தளத்தைப் படம் என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் தாள் என்ற சொல்லைத் தாள் போன பிறகும் வைத்திருக்கிறார்கள். நாமும் படத்தை வைத்துக்கொள்ளலாம்.

துணைச் சொற்கள் சில. எக்டிஸ் பேச்சில் அப்படியே இருக்கட்டும், எழுத்தில் மின்படக் காட்டி எனலாம். ராஸ்டர் சார்ட்டுக்குக் கடல்வழிப் படநகல். ஹைட்ரோகிராஃபியை நீரியல் என்று எழுதுவது தவறு. நீரியல் என்பது மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிய ஹைட்ராலஜி. நில அளவை போல நீர்ப்பரப்பு அளவை என்பது பொருந்தும். சவுண்டிங் என்பதற்கும் ஒலிக்கும் சொல்லளவில் உறவில்லை. அது ஆழ அளவு. ஆழம் அளக்கும் ஃபேதம் என்ற ஆங்கில அலகு, விரித்த இரு கைகளின் நீளத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, 6 அடி. மீனவர்கள் அதே விரித்த கை அளவைப் பாகம் என்கிறார்கள். மின்படத்தில் ஆழம் மீட்டரில் பதிவாவதால் அங்கே இதற்கு வேலையில்லை. பழைய காகிதப் படங்களைத் தமிழில் விளக்கும்போது ஃபேதத்துக்குப் பாகம் என்றே எழுதலாம்.