நேற்று மாலைக் கூட்டிலிருந்து தொடங்கும் தேடல்

மேற்கு உகாண்டாவில், ஃபோர்ட் போர்ட்டல் நகருக்கு அருகே இருக்கிறது கிபாலே காடு. சுமார் 795 சதுர கிலோமீட்டர் பரப்பு, 1993இல் தேசியப் பூங்காவானது. 13 வகைக் குரங்கினங்கள் இங்கே உண்டு. சிம்பன்சி மட்டும் ஆயிரத்துக்கு மேல். ஆனாலும் தனியாக உள்ளே நடந்தால் நாள் முழுக்க ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போகலாம். அடர்ந்த இலைக்குள் பார்வை அதிக தூரம் போகாது. அப்படியிருக்க, பூங்காவின் கன்யான்சு முகாமிலிருந்து வழிகாட்டியோடு கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் சிம்பன்சியைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

காரணம், கூடு. பால்குடி மறந்த ஒவ்வொரு சிம்பன்சியும் தினமும் மாலையில் கிளைகளை வளைத்து, காலால் மிதித்துப் பின்னி, மேலே தழை பரப்பிப் புதுக் கூடு கட்டும். சில நிமிட வேலைதான். குட்டி தாயோடு படுத்துக்கொள்ளும். தடம் பார்க்கிறவர்கள் அவை படுத்த இடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, மறுநாள் அவை எழும் முன்பே மரத்தடிக்குப் போய்விடுவார்கள்.

முந்தைய நாள் கூட்டம் கைநழுவியிருந்தால் அடுத்த வழி அத்தி மரம். காட்டில் அத்திகள் ஒரே பருவத்தில் காய்ப்பதில்லை, எங்காவது ஒன்று பழுத்திருக்கும். சிம்பன்சி பழத்தை உதட்டுக்குள் அதக்கிச் சாறு பிழிந்துவிட்டுச் சக்கையைத் துப்பும். அந்தச் சக்கை ஈரமாகக் கிடந்தால் கூட்டம் பக்கத்தில்தான். ஓரம் காய்ந்து எறும்பு மொய்த்திருந்தால் நகர்ந்துவிட்டது. ஆண்கள் பெருமரங்களின் பலகை வேர்களைக் கைகாலால் தட்டும் முரசொலியும் கூச்சலும் வெகுதூரம் கேட்கும்.

தேடல் இழுத்தடிப்பது பழம் குறைந்த மாதங்களில். ஒரு சமூகம் எப்போதும் மொத்தமாகத் திரிவதில்லை. தீனி நிறைய இருந்தால் சேரும், குறைந்தால் இரண்டு மூன்றாகப் பிரியும். பிரிந்த சிறு குழுக்கள் சத்தமும் குறைவாகவே போடும், அதனால் அன்று நடை நீளும். காலை முதல் சுற்றில் அவை பெரும்பாலும் உச்சிக்கிளையில் மேய்ந்துகொண்டிருக்கும், கழுத்துதான் வலிக்கும். நல்ல படம் வேண்டுமென்றால், அவை தரையிறங்கி இளைப்பாறும் நடுப்பகல் ஒட்டிய சுற்றே மேல். ஃபிளாஷ் கூடாது, கேமராவின் ஒளியுணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓ அளவை, 1600க்கு மேல் வைக்கத் தயங்க வேண்டாம்.

மனிதரைக் கண்டு ஓடாத சிம்பன்சி தானாக வந்ததில்லை. தினமும் பின்தொடர்ந்து, ஒளியாமல் உட்கார்ந்து, ஒன்றும் செய்யாமல் இருந்து பழக்க ஆண்டுக்கணக்காகும். தீனி போட்டுப் பழக்குவதில்லை. 1960களில் தான்சானியாவின் கோம்பேயில் வாழைப்பழம் வைத்தபோது ஓரிடத்தில் கூட்டம் சேர்ந்து சண்டை பெருகியது.

பழக்கியதற்கு ஒரு விலை உண்டு: நம் சளி. 2013இல் கிபாலேயின் கன்யவாரா சமூகத்தில் 56 சிம்பன்சிகளில் 5 இறந்தன. காரணம் ரைனோவைரஸ் சி, நம் குழந்தைகளுக்குச் சாதாரணச் சளியாக வந்துபோகும் வகை. இந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்ளும் புரதம் நம்மில் பெரும்பாலோருக்கு ஓரளவு பாதுகாப்பான வடிவில் இருக்கிறது. சோதித்த சிம்பன்சிகள் எல்லாவற்றிலும் இருந்ததோ எளிதில் தொற்றும் வடிவம். 2016 கடைசியில் ங்கோகோ சமூகத்தில் பரவிய மெட்டாநிமோவைரஸ் என்ற சுவாசத் தொற்று வைரஸ் 25 உயிர்களைப் பறித்தது. அதுவும் மனிதரிடமிருந்து வந்ததே.

குழுவுக்கு 6 பேர், ஒரு மணி நேரம், சில மீட்டர் இடைவெளி, முகக்கவசம் என்ற விதிகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காட்டின் ஈரத்திலும் வியர்வையிலும் கவசம் நனைந்துவிடும். நனைந்தால் மூச்சு முட்டும், ஆள் மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவார். அதனால் குறைந்தது இரண்டு மாற்றுக் கவசங்கள் பையில் இருக்கட்டும். சளியோடு இருப்பவர் அன்று போகாமலிருப்பதே முறை. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். படையெறும்பு வரிசையை மிதித்தவருக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பறவை பார்ப்பவர்கள் இங்கே தேடி வருவது பச்சைமார்புப் பிட்டாவை. நம்மூர் ஆறுமணிக்குருவிக்கு உறவு. இனப்பெருக்கக் காலத்தில் விடியும் நேரம் தாழ்ந்த கிளையில் அமர்ந்து, சட்டென்று மேலே எம்பிக் குதித்துச் சிறகால் ஓர் ஒலி எழுப்பும். வெளிச்சம் ஏறியதும் அடங்கிவிடும். பிறகு சருகுக்குள் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஆகவே இருட்டிலேயே நடக்க வேண்டும், 8×42 பைனாகுலர் (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முகப்பு லென்ஸ்) வேண்டும். 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25, அத்தனை மில்லிமீட்டர் அகல ஒளிக்கற்றை கண்ணுக்கு வருகிறது. கையடக்கமான 10×25இல் அது 2.5 மட்டுமே. இருட்டில் விரிந்த கண்மணிக்கு அது போதாது.

பூங்காவை ஒட்டி, ஊர்மக்கள் நடத்தும் பிகோடி சதுப்பு நிலத்தில் டுராக்கோ என்ற பறவைகளைப் பார்க்கலாம். கோழியைவிட நீளமான பெரிய நீல டுராக்கோ கண்ணைப் பறிக்கும். ஆனால் எங்கள் ஓட்டு ராஸ் டுராக்கோவுக்கு. உட்கார்ந்திருக்கையில் கருநீலம்; சிறகு விரித்தால் செக்கச்செவேல். அந்தச் சிவப்பு டுராசின் என்ற செம்பு கலந்த நிறமி. டுராக்கோ குடும்பத்துக்கே உரியது. உதிர்ந்த இறகைச் சோப்புநீர் போன்ற காரக்கரைசலில் போட்டால் சிவப்பு கரைந்து இறங்கும். பெரிய நீலத்தின் சிறகில் அந்தச் சிவப்பு கிடையாது.