'மாநகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை': நம்பிக் கையெழுத்திடாதீர்கள்

இன்னுமொரு கோப்பு வந்திருக்கிறது. ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள், கேமரா, விளம்பரத் திரை. முதலீடு முழுவதும் தனியாருடையது, 'மாநகராட்சிக்கு ஒரு பைசா செலவில்லை' என்று முதல் பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பின்னிணைப்பில் குறைந்தபட்ச வருவாய் உத்தரவாதம்: விளம்பர வருமானம் குறைந்தால் அந்தத் துண்டை மாநகராட்சி ஈடுகட்ட வேண்டும், இருபது ஆண்டுகளுக்கு! கவுன்சிலர்களுக்குக் கொடுத்த குறிப்பில் மட்டும் அந்தப் பின்னிணைப்பைக் காணோம்.

பி.பி.பி. (அரசு-தனியார் கூட்டுத் திட்டம்) என்றால் இலவசம் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. தனியார் போடும் பணம் வட்டியோடும் லாபத்தோடும் திரும்பியாக வேண்டும். அதைக் கட்டணமாக மக்கள் கொடுப்பார்கள், இல்லையேல் வரிப்பணத்திலிருந்து மாநகராட்சி கொடுக்கும். மூன்றாவதாக ஒருவர் இல்லை. விளம்பரம், பார்க்கிங், தரவு என எதை விட்டுக்கொடுத்தாலும் அது நகரம் தானே ஈட்டியிருக்கக்கூடிய வருமானம்தான்.

சிகாகோவைப் பாருங்கள். 2008-இல் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டு, சுமார் 115 கோடி டாலர் வாங்கினார்கள். மன்றம் சில நாட்களில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. மறு ஆண்டே நகரத்தின் தலைமை ஆய்வாளர், ஏறக்குறைய 97 கோடி டாலர் குறைவாக விற்றிருக்கிறீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். கிடைத்த பணத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே பட்ஜெட் பற்றாக்குறையில் கரைந்துபோனது. தெருவிழாவுக்குச் சாலையை மூடினால்கூடக் குத்தகைதாரருக்கு நகரம் இழப்பீடு தர வேண்டும்.

தனியார் கூட்டில் வந்த நம் திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்தில் சிக்கல் வேறு. ஆலைகள் கூடுதல் விலைக்குத் தண்ணீர் வாங்கும், அதைக் கொண்டு வீடுகளுக்கு மலிவாகக் கொடுக்கலாம் என்பது கணக்கு. 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதும் அந்தக் கணக்கு ஆட்டம் கண்டது. தேவை சரிந்தால் நஷ்டம் யாருடையது என்ற வரியைத்தான் எந்த ஒப்பந்தத்திலும் நான் முதலில் தேடுவேன்.

ஸ்மார்ட் சிட்டி மிஷனும் 2025 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. மத்திய அரசு 48,000 கோடி ரூபாய் ஒதுக்கிய திட்டம் அது. அந்த மானியத்தில் வாங்கிய சென்சாருக்கு சிம் கட்டணம், மென்பொருள் உரிமம், பழுதுபார்ப்பு எல்லாம் இனி எந்தக் கணக்குத் தலைப்பில் வரும்? டெண்டர் விடும்போதே இதைக் கேட்டவர்கள் குறைவு. (கட்டுமானத்துக்குத் திறப்பு விழா உண்டு. பராமரிப்புக்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்?)

ஒப்பந்தத்தைப் பின்னிணைப்பிலிருந்து படியுங்கள். மின்சேமிப்பில் நிறுவனத்துக்குப் பங்கு தரும் தெருவிளக்குத் திட்டம் என்றால் பழைய விளக்குகளின் மீட்டர் ரீடிங்கைக் கேளுங்கள். ஏற்கெனவே எரியாமல் கிடந்த விளக்குக்கும் 'சேமிப்பு' காட்டி அதற்குத் தவணை கட்டவைத்துவிடுவார்கள். பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு எழுதப்படாத திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள்.

கவுன்சிலர்களே, தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். இத்தகைய ஒப்பந்தம் முன்கூட்டித் தரப்படாமல் கூட்டத்தன்று காலையில் மேசைப் பொருளாக வந்தால் எந்தக் கட்சியானாலும் ஒத்திவைக்கச் சொல்லுங்கள். முழு நகலையும் தமிழ்ச் சுருக்கத்தையும் கேட்டு வாங்கி, மாநகராட்சிக் கணக்கு அலுவலரை உட்காரவைத்து ஆண்டுவாரியாக எவ்வளவு கட்ட வேண்டிவரும் என்று எழுதித் தரச்சொல்லுங்கள்.