எண் சரி, இடம் தவறு: வரைபடப் படிப்பின் முதல் பருவம்

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோ, மேற்குத் தீர்க்கரேகை 121.49 டிகிரியில் இருக்கிறது. அட்டவணையில் ஏற்றும்போது அந்த எண்ணுக்கு முன்னால் வரவேண்டிய கழித்தல் குறி விட்டுப்போனால், நகரம் பசிபிக்கைத் தாண்டிப் போய்ச் சீனாவின் தாலியனுக்குத் தெற்கே கடலில் விழும். இது நல்ல பிழை, பார்த்த கணமே பிடிபட்டுவிடும். அஞ்ச வேண்டியது நான்கு மீட்டர் பிழைக்குத்தான். அது சாலையின் இந்தப் பக்கம் போகும் குடிநீர்க் குழாயை அந்தப் பக்கம் காட்டும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. வரைபடமும் பார்க்க அழகாகவே இருக்கும்.

இந்தச் சின்னப் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று கற்றுக்கொள்வதுதான் புவிசார் தொழில்நுட்பப் படிப்பின், அதாவது இடம் சார்ந்த தரவை அளந்து வரைபடமாக்கும் படிப்பின், பெரும்பகுதி. அமெரிக்காவில் இதைக் கற்பிப்பவை பல்கலைக்கழகங்கள் மட்டுமல்ல. இரண்டாண்டுச் சமுதாயக் கல்லூரிகளும்தான். கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். 3 யூனிட் கொண்ட ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல் முறைமை) அறிமுகப் பாடத்தை 138 டாலரில் முடித்துவிடலாம். 60 யூனிட் சேர்ந்தால் இரண்டாண்டுப் பட்டம். பாடத்திட்டம் ஊருக்கு ஊர் மாறாமல் இருக்க ஒரு பொது அளவுகோலும் உண்டு. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 2008இல் தொடங்கிய ஜியோடெக் மையம் முன்னின்று உருவாக்கிய திறன் பட்டியலை, 2010இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்டது. வரைகலை, தொலையுணர்வு (செயற்கைக்கோள், விமானப் படங்களைப் படிப்பது), ஜி.பி.எஸ். களப்பணி, தரவுத்தளம், பைத்தான் நிரல் என்று பாடங்கள் விரிந்தாலும், எல்லாவற்றுக்கும் அடித்தளம் முதல் பருவத்தில் வரும் ஒரு கேள்விதான்: இந்த எண்கள் எதிலிருந்து அளக்கப்பட்டவை?

பூமி சீரான உருண்டை அல்ல. அட்சரேகை, தீர்க்கரேகை கணக்கிட, அதற்கு நெருக்கமான ஒரு நீள்கோளத்தை (துருவங்களில் சற்றுத் தட்டையான உருண்டையை) எடுத்துக்கொண்டு, அதைப் பூமியோடு எங்கே எப்படிப் பொருத்துவது என்று முடிவு செய்கிறார்கள். அந்தப் பொருத்தத்துக்குத்தான் டேட்டம் என்று பெயர். வட அமெரிக்காவின் 1927ஆம் ஆண்டு டேட்டம், 1866இல் கிளார்க் கணித்த நீள்கோளத்தைக் கான்சாஸ் மாநிலத்தின் மீட்ஸ் ராஞ்ச் என்ற இடத்தில் பொருத்தியது. 1983ஆம் ஆண்டு டேட்டம் வேறொரு நீள்கோளத்தைப் பூமியின் மையத்தோடு பொருத்தியது. இரண்டு நீள்கோளங்களின் நடுக்கோட்டு ஆரத்திலேயே 69 மீட்டர் வித்தியாசம். ஆகவே ஒரே அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் இரண்டு டேட்டங்களில் இரண்டு வெவ்வேறு இடங்களைக் குறிக்கும். கலிபோர்னியாவில் இந்த விலகல் ஏறக்குறைய 80 முதல் 100 மீட்டர் வரை வரும். பழைய 1:24,000 நிலவரைபடத்தாளில் அது வெறும் 4 மில்லிமீட்டர். தாளில் கண்ணுக்குத் தப்பிவிடும், தரையில் ஒரு தெருவே மாறிப்போகும்.

அடுத்தது அலகு. இதை மாணவர்கள் முதலில் நம்புவதே இல்லை: அமெரிக்காவில் அடிக்கு இரண்டு அளவு இருந்தது. சர்வதேச அடி என்பது சரியாக 0.3048 மீட்டர். நில அளவை அடி என்பது 1200/3937 மீட்டர், அதாவது 0.3048006 மீட்டர். பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வித்தியாசம். வீட்டுச் சுவரை அளக்கும்போது இது ஒன்றுமில்லை. ஆனால் கலிபோர்னியாவின் மாநிலத் தள ஆயமுறையில் (இடத்தைத் தட்டையான கட்டத்தில் கிழக்கு, வடக்குத் தூரங்களாகக் குறிக்கும் முறையில்), எண்கள் எதிர்மறையாகிவிடக் கூடாது என்பதற்காகக் கிழக்கு ஆயத்தோடு, அதாவது கிழக்குத் தூரத்தோடு, முன்கூட்டியே 20,00,000 மீட்டரைக் கூட்டிவைத்திருக்கிறார்கள். அதனால் சாக்ரமெண்டோ நகரில் உள்ள ஒரு புள்ளியின் கிழக்கு ஆயம் 67 லட்சம் அடியைத் தொடுகிறது. அதில் பத்து லட்சத்துக்கு இரண்டு என்றால் 13 அடி. நில அளவை அடியில் எடுத்த தரவைச் சர்வதேச அடி என்று படித்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே சீராக 4 மீட்டர் மேற்கே நகரும். எல்லாம் சேர்ந்தே நகர்வதால் வடிவங்கள் கலையாது; சந்தேகமும் வராது. நில அளவை அடி 2022 இறுதியோடு அதிகாரபூர்வப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்ந்த பதிவேடுகளில் அது இருக்கத்தான் செய்கிறது.

ஆய்வகத்தில் மிக அதிகமாக நடக்கும் தவறு மென்பொருளின் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்வது. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்று லேயருக்கு (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்குக்கு) ஆயமுறையைக் 'குறிப்பது'. மற்றொன்று லேயரை வேறு ஆயமுறைக்கு 'மாற்றுவது'. முன்னது எண்களைத் தொடாது, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும். பின்னது ஒவ்வொரு எண்ணையும் புதிதாகக் கணக்கிடும். இரண்டு லேயர்கள் பொருந்தவில்லை என்றதும் புதியவர்கள் முதல் கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பார்கள். அது மிளகாய்த்தூள் டப்பாவில் மஞ்சள்தூள் என்று எழுதி ஒட்டுகிற வேலை. ஒட்டியவருக்கு அப்போது தெரியாது, சமைப்பவருக்குத்தான் தெரியும். ஒரு கோப்புக்கு ஆயமுறையே குறிக்கப்படாமல் இருந்து, அது எது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே குறிக்கலாம். வரைபடத் தரவைப் பரிமாறப் பயன்படும் ஷேப்ஃபைல் என்பது ஒரு கோப்பு அல்ல, பல கோப்புகளின் கூட்டு. ஆயமுறையைத் தாங்கும் பி.ஆர்.ஜே. கோப்பை விட்டுவிட்டு மின்னஞ்சலில் அனுப்பும்போதுதான் இந்தச் சிக்கல் பெரும்பாலும் பிறக்கிறது.

இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் வீழலில் (உருண்டைப் பூமியைத் தட்டையாக்கும் ஒரு முறையில்) பரப்பளவு கணக்கிடுவது இன்னொரு பொறி. துருவத்தை நோக்கிப் போகப் போக அது நிலத்தை ஊதிப் பெருக்கும். சாக்ரமெண்டோவின் அட்சரேகையில் 100 ஏக்கர் வயலைத் தட்டையாக அளந்தால் சுமார் 164 ஏக்கர் காட்டும். சென்னையில் அதே தவறு 105 ஏக்கர் என்று காட்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழும் நமக்கு இது கூடுதல் ஆபத்து என்றே சொல்ல வேண்டும்: 64 சதவீதப் பிழையை யாரும் பிடித்துவிடுவார்கள், 5 சதவீதத்தை அளவீட்டுப் பிசகு என்று விட்டுவிடுவார்கள்.

பழைய தாள் வரைபடத்தை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்து, அதை உண்மையான இடத்தில் பொருத்துவது முதல் பருவத்தின் நீளமான பயிற்சி. சாலைச் சந்திப்பு, பாலத்தின் முனை போன்ற மாறாத புள்ளிகளைத் தாளிலும் தரையிலும் அடையாளம் கண்டு இணைக்க வேண்டும். எளிய நேர்கோட்டு மாற்றத்துக்கு 3 புள்ளிகள் போதும். ஆனால் 3 மட்டும் கொடுத்தால் மென்பொருள் சராசரிப் பிழை பூஜ்யம் என்று காட்டும். புள்ளிகள் துல்லியமாக இருப்பதால் அல்ல. மூன்று புள்ளிகள் வழியாக அந்தச் சமன்பாடு எப்போதும் பிசகாமல் போகும், அவ்வளவுதான். புள்ளியை வேறு தெருவில் வைத்தாலும் அதே பூஜ்யம்தான் வரும். ஆகவே எட்டுப் பத்துப் புள்ளிகளாவது வேண்டும், நான்கு மூலைகளிலும் நடுவிலும் பரவலாக. பிழை குறையவில்லை என்று மூன்றாம் படிச் சமன்பாட்டுக்குத் தாவுவதும் தவறு. அதற்குக் குறைந்தது 10 புள்ளிகள் வேண்டும். புள்ளிகள் இல்லாத ஓரங்களில் வரைபடம் துணி போல முறுக்கிக்கொள்ளும்.

பொருத்தியபின் எவ்வளவு நம்பலாம்? 1:24,000 அளவில் தாளின் ஓர் அங்குலம் தரையில் 2,000 அடி. அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில் வருடினால் ஒரு படப்புள்ளி (பிக்சல்) தரையில் கிட்டத்தட்ட 2 மீட்டர். ஆனால் அந்தத் தாள்களுக்கு அமெரிக்க அரசு வைத்திருந்த துல்லியத் தரமே, சோதித்த புள்ளிகளில் 90 சதவீதம் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்குள், அதாவது தரையில் 40 அடிக்குள், இருக்க வேண்டும் என்பதுதான். திரையில் எவ்வளவு பெரிதாக்கி வரைந்தாலும் அந்த 12 மீட்டர் கரைந்துவிடாது.

களத்தில் ஜி.பி.எஸ். கருவி குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. மூன்று திசைகளுக்கு மூன்று. நான்காவது கருவியின் சொந்தக் கடிகாரப் பிழையைக் கண்டுபிடிக்க. அலை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்தே தூரம் கணக்கிடப்படுவதால், அந்தக் கடிகாரம் ஒரு மைக்ரோவினாடி (வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) பிசகினால் தூரக் கணக்கு 300 மீட்டர் தவறும். திறந்த வெளியில் கைபேசி சுமார் 5 மீட்டருக்குள் இடம் காட்டும். பக்கத்திலேயே அறிந்த புள்ளியில் ஓர் அடிப்படை நிலையத்தை வைத்து, அதன் திருத்தங்களை உடனுக்குடன் பெறும் ஆர்.டி.கே. முறையில் 1, 2 செண்டிமீட்டர் கிடைக்கும். கட்டடச் சுவரில் பட்டுத் திரும்பும் அலைதான் நகரத்தில் முதல் எதிரி. நேராக வந்த அலையைவிட அது தாமதமாக வருவதால் தூரம் கூடிப்போகிறது. கைபேசிச் செயலி எட்டுத் தசம இடங்கள் காட்டுவதை நம்பி ஏமாறக் கூடாது. டிகிரியில் ஐந்தாம் தசம இடம் தரையில் சுமார் 1.1 மீட்டர். அதற்குப் பின்னால் கைபேசி எழுதும் இலக்கங்களுக்கு மதிப்பில்லை.

உயரம் இன்னும் வழுக்கும். செயற்கைக்கோள் தருவது நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். நமக்கு வேண்டியது கடல்மட்டத்திலிருந்து. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் புவியீர்ப்பைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும். சாக்ரமெண்டோவில் அது மைனஸ் 30 மீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டு ஆறுகள் கூடும், கரை கட்டிக் காக்கப்படும் தாழ்வான நகரம் அது. வெள்ள வரைபடத்தில் இந்தத் திருத்தத்தை மறந்தால் ஊரே நீருக்கடியில் இருப்பதாகத் தெரியும். உலகிலேயே இந்த வித்தியாசம் உச்சத்தில் இருப்பது இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், மைனஸ் 106 மீட்டர். திருத்தாத கருவியோடு மெரினாவில் நின்றால், உயரம் மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே என்று காட்டும்.

அட்டவணைகளை வரைபடத்தோடு இணைப்பதில் வரும் தொல்லை வேறு வகை. சாக்ரமெண்டோ மாவட்டத்தின் கணக்கெடுப்புக் குறியீடு 06067. எக்செல்லில் திறந்ததும் அதை எண் என்று எடுத்துக்கொண்டு முதல் பூஜ்யத்தை உதிர்த்துவிடும். 6067 என்று மாறிய பின் வரைபடத்தின் 06067 உடன் அது சேராது. கலிபோர்னியாவின் 58 மாவட்டங்களின் குறியீடுகளும் 06 என்றுதான் தொடங்குகின்றன. மாநிலம் முழுவதும் வெறுமையாகிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வகையாக இறக்குமதி செய்வதே தீர்வு.

இப்போது சேரும் மாணவர்கள் இன்னொன்றையும் பழக வேண்டியிருக்கிறது: தேதி. 1983 டேட்டம் வட அமெரிக்கக் கண்டத்தட்டோடு சேர்ந்து நகர்கிறது. ஆனால் சான் ஆண்ட்ரியாஸ் பிளவுக்கு மேற்கே உள்ள நிலம் பசிபிக் தட்டின் மீது, ஆண்டுக்குச் சில செண்டிமீட்டர் வீதம் வடமேற்காகப் போய்க்கொண்டிருக்கிறது. அந்த டேட்டத்தின் மையமும் பூமியின் உண்மையான மையத்திலிருந்து 2 மீட்டருக்கு மேல் விலகியிருப்பது பின்னர் தெரிந்தது. அதனால் அமெரிக்கத் தேசியப் புவியளவைத் துறை, அமெரிக்க நிலப்பகுதிகள் அமர்ந்திருக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் தனிச் சட்டகம் (டேட்டம் போன்ற அடிப்படை) கொண்ட புதிய முறையைத் தயாரித்திருக்கிறது. களப் படிவத்தில் டேட்டம், அலகு, உயர மாதிரி (கடல்மட்ட உயரத்துக்கு மாற்ற உதவுவது) ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ஆண்டைத் தசமத்தில் எழுதும் கட்டமும் உண்டு. அதில் 2010.00 என்று இருந்தால், 2010 ஜனவரி 1 அன்று அந்தப் புள்ளி இருந்த இடம் என்று படிக்க வேண்டும்.