எட்டாவது டிஸ்க்கில் அப்படி என்னதான் இருக்கிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் எட்டு ஹார்ட் டிஸ்க் போட்டு ஒரு ஃபைல் சர்வர் கட்டப் போகிறேன். ஒவ்வொன்றும் 16 டெராபைட். ஏழு டிஸ்க் அளவுக்குத்தான் இடம் கிடைக்கும், ஒரு டிஸ்க் பாதுகாப்புக்குப் போய்விடும் என்கிறார்கள். எட்டில் எது செத்தாலும் எல்லாம் திரும்பக் கிடைக்குமாம். ஏழு டிஸ்க்கின் சரக்கை ஒரே டிஸ்க்கில் எப்படி சார் நகலெடுப்பது? 112 டெராபைட்டை 16-க்குள் அமுக்க முடியும் என்றால் மற்ற ஏழு டிஸ்க்கும் எதற்கு?"

கடைசி வரியைப் படித்ததும் அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. பல வருடங்களாக இதே மாதிரி பெட்டி வைத்திருப்பவர்கள்கூட இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டதில்லை. பதில் சுருக்கமானதுதான். எட்டாவது டிஸ்க்கில் நகல் எதுவும் இல்லை. யாருடைய கோப்பும் அதில் இல்லை. தனியாகக் கழற்றிப் படித்தால் வெறும் குப்பையாகத் தெரியும். ஆனாலும் காணாமல்போன எவரையும் அது மீட்டுத் தரும்.

அந்த மந்திரத்துக்கு முன்னால், பெட்டி கட்டும் வேலையை வேகமாகக் கடந்துவிடுவோம். மேசைக் கணினிகளில் வரும் மூன்றரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில், 12 வோல்ட்டில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். எட்டும் ஒரே நேரத்தில் எழுந்தால் கிட்டத்தட்ட 200 வாட். சுழல ஆரம்பித்தபின் ஆளுக்கு ஐந்திலிருந்து எட்டு வாட் போதும். அதனால் பவர் சப்ளையை அந்த முதல் சில நொடிகளுக்காகத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பும் வசதி வேண்டும். வலையமைப்பு சாதாரண ஒரு கிகாபிட் என்றால் நொடிக்கு 110 மெகாபைட் போல வரும். ஒற்றை டிஸ்க்கே அதைவிட வேகம். ஆகவே வேகத்துக்காக எட்டு டிஸ்க் என்று யாராவது சொன்னால், கேபிளையும் மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் அதிர்வு. டிஸ்க்கில் தகவலைப் படித்து எழுதும் தலை, சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. பக்கத்து டிஸ்க் உதறினால் இதற்குத் தடம் தவறும். 2008-இல் பிரெண்டன் கிரெக் என்ற பொறியாளர் டிஸ்க் அடுக்கைப் பார்த்துக் கத்த, அவை பதில் சொல்லும் நேரம் தாறுமாறாக ஏறிய வீடியோ ஒன்று உண்டு. டிஸ்க்கைப் பொருத்தும் இடத்தில் உள்ள ரப்பர் வளையங்கள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

நான்கு டிஸ்க்குகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் முதல் இடத்தில் ஒரு பிட், அதாவது 0 அல்லது 1. வரிசையாக 1, 0, 1, 1 என்று இருக்கிறது. ஐந்தாவதாக ஒரு டிஸ்க்கைச் சேர்த்து, அதற்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறோம்: எல்லாரிடமும் இருக்கும் ஒன்றுகளைக் கூட்டிப் பார், இரட்டைப்படையாக இல்லாவிட்டால் உன்னிடம் ஒரு 1 போட்டு இரட்டையாக்கு. இங்கே மூன்று ஒன்றுகள் உள்ளன. ஆகவே ஐந்தாவது டிஸ்க்கில் 1. மொத்தம் நான்கு, இரட்டை.

இப்போது மூன்றாவது டிஸ்க் செத்துப்போகிறது. மிச்சம் இருப்பது 1, 0, தெரியாது, 1. ஐந்தாவதில் 1. கண்ணுக்குத் தெரியும் ஒன்றுகள் மூன்று. மொத்தம் இரட்டையாக இருந்தாக வேண்டும் என்பது நாம் போட்ட சட்டம். ஆகவே காணாமல்போனது 1.

அவ்வளவுதான்! இதே கணக்கை ஒரு டிஸ்க்கில் உள்ள லட்சம் கோடிக்கும் மேற்பட்ட பிட்களுக்கும் திரும்பத் திரும்பச் செய்தால் முழு டிஸ்க்கும் எழுந்து வந்துவிடும். இந்தச் சமநிலைப் பிட்டுக்குப் பாரிட்டி என்று பெயர். கணக்கின் பெயர் எக்ஸார். ஐந்தாவது டிஸ்க் யாருடைய செய்தியையும் வைத்திருக்கவில்லை. அவர்களுக்கு இடையேயான உறவை மட்டும் வைத்திருக்கிறது. செத்த டிஸ்க்கின் தகவல், உயிரோடிருக்கும் எல்லாரிடமும் பரவிக் கிடக்கிறது. வாசகரின் கடைசிக் கேள்விக்குப் பதில் இதுதான்: மற்ற ஏழு டிஸ்க்கும் எதற்கென்றால், மீட்கும்போது அவற்றில் மிஞ்சிய ஆறும் கட்டாயம் சாட்சி சொல்ல வேண்டும். பாரிட்டி டிஸ்க் மட்டும் தப்பினால் ஒரு பிரயோசனமும் இல்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. ஒரு கோப்பில் சின்னத் திருத்தம் செய்கிறீர்கள். முதல் டிஸ்க்கில் ஒரு துண்டு மாறுகிறது. பாரிட்டியைப் புதுப்பிக்க ஏழு டிஸ்க்கையும் மறுபடி படிக்க வேண்டுமா? வேண்டாம். பழைய துண்டையும் புதிய துண்டையும் ஒப்பிட்டு, எந்தெந்த பிட் மாறியதோ, அதே இடத்திலுள்ள பாரிட்டி பிட்டைப் புரட்டிப் போட்டால் போதும். மற்ற ஆறு டிஸ்க்கும் நடந்தது தெரியாமல் தூங்கலாம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு முறை எழுதும்போதும் பாரிட்டி மாறுகிறது. அதைத் தனி டிஸ்க்கில் வைத்தால் அந்த டிஸ்க்கின் முதுகு ஒடிந்துவிடும். அதனால் நடைமுறையில் எட்டாவது டிஸ்க் என்று ஒன்று கிடையாது. பாரிட்டித் துண்டுகளை எட்டு டிஸ்க்கிலும் சுழற்சி முறையில் பகிர்ந்து வைக்கிறார்கள். இதுவரை நான் சொன்னது ஒரு வசதியான பொய். இப்படிப் பகிர்ந்த ஏற்பாட்டின் பெயர் ரெய்டு 5. ரெய்டு என்றதும் வருமான வரி ஞாபகம் வந்தால் அது என் தவறல்ல. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் எழுதிய ஆய்வுத்தாள் வைத்த பெயர் அது. 'மலிவான டிஸ்க்குகளின் கூட்டம்' என்ற பொருள்படும் பெயரில் இருந்த 'மலிவான' என்ற சொல் பிற்பாடு 'தனித்தனியான' என்று மாறிவிட்டது. விற்கிறவர்களுக்கு 'மலிவு' கசந்திருக்க வேண்டும்.

ஒன்று செத்தால் சரி. இரண்டு செத்தால்? எட்டும் ஒரே நாளில் வாங்கியவை, ஒரே வெப்பத்தில் ஒரே மாதிரி உழைத்தவை. ஒன்று விழுந்தால் மற்றதும் களைத்திருக்க வாய்ப்பு உண்டு. புதிய டிஸ்க்கைப் பொருத்தி மீட்கும் வேலையும் லேசானதல்ல. 16 டெராபைட்டை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் எழுத 80,000 நொடி, அதாவது 22 மணி நேரம். அத்தனை நேரமும் மிச்சமுள்ள ஏழும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பிழையில்லாமல் வாசித்துக் காட்ட வேண்டும். ஏழும் சேர்ந்து 112 டெராபைட். பெரிய டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் வாக்கு, பத்துக் கோடி கோடி பிட் படித்தால் ஒன்றுக்கு மேல் படிக்க முடியாமல் போகாது என்பது. அதை டெராபைட்டாக்கினால் 125. பக்கத்தில் வந்துவிட்டது, பார்த்தீர்களா? நிஜத்தில் டிஸ்க்குகள் இந்த வாக்கைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. இருந்தாலும் அந்த 22 மணி நேரம் தூக்கம் வராது.

இங்கேதான் ரெய்டு 6 வருகிறது. இரண்டு டிஸ்க் செத்தாலும் பிழைக்கும். இன்னொரு எக்ஸார் போட்டால் போதுமா என்றால், போதாது. அதே உறவை இரண்டு முறை எழுதி வைப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. பள்ளியில் படித்ததுதான்: இரண்டு தெரியாதவற்றைக் கண்டுபிடிக்க, இரண்டு வேறுவேறு சமன்பாடுகள் வேண்டும்.

மூன்று டிஸ்க்கில் 5, 2, 7 என்ற எண்கள் இருக்கட்டும். முதல் சமன்பாடு வெறும் கூட்டல்: 14. இரண்டாவதில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு எடை தருகிறோம். முதலாவதை 1-ஆலும் அடுத்ததை 2-ஆலும் மூன்றாவதை 3-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 5 + 4 + 21, ஆக 30. இப்போது இரண்டாவதும் மூன்றாவதும் சாகின்றன. முதலாவதின் 5-ஐக் கழித்தால், காணாமல்போன இருவரின் கூட்டுத்தொகை 9. எடை போட்ட தொகை 25. இருவரையும் 2-ஆல் பெருக்கியிருந்தால் 18 வந்திருக்கும். 7 கூடுதலாக இருக்கிறது. அந்தக் கூடுதல் மூன்றாவது டிஸ்க்கின் பங்கு. ஆகவே அது 7, மற்றது 2.

ஒரு சிக்கல். பெருக்கினால் எண் வளரும். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். கூட்டினாலும் பெருக்கினாலும் 256 எண்களுக்கு வெளியே போகாத, பூஜ்ஜியம் தவிர எந்த எண்ணாலும் மிச்சமில்லாமல் வகுக்க முடிகிற ஒரு குட்டி எண் உலகம் வேண்டும். அப்படி ஒன்று இருக்கிறது. அதில் கூட்டலும் கழித்தலும் ஒன்றே, இரண்டும் நம் பழைய எக்ஸார்தான். 2-ஆல் பெருக்குவது என்றால் பிட்களை ஓரிடம் இடப்பக்கம் நகர்த்துவது; விளிம்பைத் தாண்டி ஒரு பிட் வழிந்தால், அதை ஒரு குறிப்பிட்ட மாறா எண்ணோடு எக்ஸார் செய்து உள்ளே மடித்து விடுவது. கணினிச் சில்லுக்கு இது விளையாட்டு. பூஜ்ஜியம் போக 255 வெவ்வேறு எடைகள் கிடைப்பதால், இதே உத்தி 255 டிஸ்க்வரை தாங்கும். நமக்கு எட்டு போதும்.

இந்த எண் உலகத்தின் பெயர் கால்வா புலம். எவாரிஸ்ட் கால்வா, பிரெஞ்சுக்காரர், 1832-இல் ஒரு துப்பாக்கிச் சண்டையில் 20 வயதில் இறந்துபோனார். அவருடைய கணிதத்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் காலணா பிரயோசனம் இல்லை. 1960-இல் ரீடும் சாலமனும் அதைக் கொண்டு பிழை திருத்தும் குறியீடு ஒன்றை வகுத்தார்கள். கீறல் விழுந்த குறுந்தகடு பாடியதும், கிழிந்த கியூஆர் குறியீட்டை உங்கள் ஃபோன் படிப்பதும், 1986-இல் யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம் படங்களை அனுப்பியதும் அதன் புண்ணியத்தில். அதே போல ரெய்டு ஆய்வுத்தாள் வந்த 1988-இல்தான் ஃபெர்ட், குரூன்பெர்க் என்ற இருவர் தனித்தனியாக, மெல்லிய காந்தப் படலங்களில் மின்தடை வியக்கத்தக்க அளவு மாறுவதைக் கண்டார்கள். பத்து வருடத்துக்குள் அது ஹார்ட் டிஸ்க்கின் படிக்கும் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. 2007-இல் நோபல் பரிசும் வந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன், மூன்று வருடத்தில் காட்டு" என்று படிவம் நீட்டுகிறவர்களை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கால்வா அந்தப் படிவத்தில் என்ன எழுதியிருப்பார்?

பாரிட்டிக்கு ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. செத்த டிஸ்க்கைப் பற்றி அதற்குக் கவலையில்லை, ஏனென்றால் யார் இல்லை என்று தெரியும். உயிரோடு இருந்துகொண்டே பொய் சொல்லும் டிஸ்க்தான் ஆபத்து. ஒரு பிட் எங்கோ புரண்டுவிட்டது, டிஸ்க்கோ எல்லாம் சரி என்கிறது. ஒன்றுகளை எண்ணிப் பார்த்தால் ஒற்றைப்படை வருகிறது. யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. சன் என்ற கணினி நிறுவனம் 2005-இல் வெளியிட்ட இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் மென்பொருள், இதை அழகாகத் தீர்த்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஓர் எண்) எடுத்து, அதைத் துண்டோடு வைக்காமல், அந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் மேல்துண்டில் வைக்கிறது. மேல்துண்டின் கைரேகை அதற்கும் மேலே. படிக்கும்போது கைரேகை பொருந்தவில்லை என்றால், ஒவ்வொரு டிஸ்க்காக "இவன் செத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்" என்று பாரிட்டியால் கணக்கிட்டுப் பார்க்கும். எப்போது கைரேகை பொருந்துகிறதோ அப்போது பொய்யன் அகப்பட்டான். அவன் டிஸ்க்கில் சரியானதைத் திருப்பி எழுதிவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இப்படி வாசித்துச் சரிபார்க்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

இத்தனை பாதுகாப்பும் வைத்துக்கொண்டு நான் ஒருமுறை மூன்று வருடப் புகைப்படங்களைத் தொலைத்தேன். டிஸ்க் எதுவும் சாகவில்லை. தூக்கக் கலக்கத்தில் தவறான கோப்புறையை நானே அழித்தேன். எட்டு டிஸ்க்கும் வெகு விசுவாசமாக அந்தக் கட்டளையை நிறைவேற்றின, பாரிட்டியும் துல்லியமாகப் புதுப்பிக்கப்பட்டது. ரெய்டு டிஸ்க்கின் சாவிலிருந்துதான் காப்பாற்றும், உங்களிடமிருந்து காப்பாற்றாது. வேறொரு கட்டடத்தில் தனியாக ஒரு பேக்கப் வேண்டும்.

செத்த டிஸ்க்கை ஃபிரீசரில் வைத்தால் உயிர் வரும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலைக்கு ஒரு நீர்த்துளி என்பது குளம். தயவுசெய்து வேண்டாம்.

எட்டு டிஸ்க்குக்குப் பாரிட்டி ஒன்றா இரண்டா என்றும் வாசகர் கேட்டிருந்தார். இரண்டு. ஆறு டிஸ்க் அளவு இடம் கிடைக்கும், அதாவது 96 டெராபைட். திரையில் 87 சொச்சம் காட்டினால் பதற வேண்டாம். விற்கிறவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், கணினி 1024-ஆக எண்ணுகிறது. இன்னொன்று: டிஸ்க்குகளைப் பொருத்தும் முன்பே ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் சீட்டில் எழுதி, வெளியே தெரிகிற பக்கம் ஒட்டிவிடுங்கள். நள்ளிரவில் ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று செய்தி வரும்போது, எட்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். பதற்றத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால், இரண்டு பாரிட்டியில் இரண்டாவதை நீங்களே செலவழித்துவிட்டீர்கள்.