ரிவெர்ப்: எதிரொலி அல்ல, எதிர்முழக்கம்

வீட்டில் பாடிப் பதிவு செய்கிறவர்கள் முதலில் சொல்லும் குறை, "குரல் பாத்ரூமில் பாடின மாதிரி இருக்கிறது" என்பதுதான். அந்தக் குறையின் பெயர் ரிவெர்ப். ரிவெர்பரேஷன் என்பதன் சுருக்கம். லத்தீனில் 'வெர்பெர்' என்றால் சாட்டை, 'ரெவெர்பெராரே' என்றால் திருப்பி அடிப்பது.

தமிழில் பலர் இதை எதிரொலி என்று எழுதிவிடுகிறார்கள். அது எக்கோவுக்கு உரிய சொல். மலைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் நம் குரலே தனியாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. அப்படிப் பிரிந்து கேட்க ஏறக்குறைய 0.1 நொடி இடைவெளி வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதனால் சுவர் 17 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். படுக்கையறையில் அதற்கு எங்கே போவது? அங்கே சுவர், கூரை, தரை என்று பட்டுத் திரும்பும் ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரே இழுவையாகிவிடுகின்றன. பள்ளி இயற்பியலில் இதற்கு எதிர்முழக்கம் என்ற சொல் உண்டு. முழவு, முழங்கு, முழக்கம் எல்லாம் ஒரே குடும்பம். அடித்த பிறகும் நின்று அதிரும் முழவு, சாட்டையைவிட இதற்குப் பொருத்தம் என்பேன்.

இதை முதலில் ஒழுங்காக அளந்தவர் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியலாளர் வாலஸ் சபைன். 1895-இல் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தைக் காதாலேயே கேட்டுக் குறித்தார். ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் காலம்தான் இன்று எதிர்முழக்க நேரம்.

உங்கள் அறையில் ஒருமுறை கைதட்டுங்கள். 'டிர்ர்' என்று ஒரு வால் நீண்டால், எதிரெதிர் வெறுஞ்சுவர்கள் பந்தாடுகின்றன என்று பொருள். சபைனின் மெத்தை வைத்தியம் இங்கும் செல்லும்: தடித்த போர்வை, துணி நிறைந்த அலமாரி. முட்டை அட்டை ஒட்டுவது வீண்வேலை. மெல்லிய நுரையும் கீச்சொலியைத்தான் விழுங்கும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலி 'கும்'மென்று அப்படியே நிற்கும். அந்தக் 'கும்', பெரும்பாலும் அறையின் ஒத்ததிர்வு, அதாவது அறை தன் அளவுக்கு ஏற்ற சில சுருதிகளை மட்டும் பெருக்கிக் காட்டுவது. அது வேறு நோய். அப்புறம், மைக்கை வாயருகே கொண்டுவாருங்கள். குரலோடு பதிவான எதிர்முழக்கத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. எதிர்முழக்கம் கலக்காத 'வறண்ட' குரலுக்கு அதை மென்பொருளில் சேர்ப்பது ஒரு நிமிட வேலை.