லேப்டாப் சார்ஜ் எங்கதான் போகுது? ரெண்டு கிராஃபிக்ஸ் சிப்பும் ஒரு ஸ்கிரீனும்

ஆபீஸ்ல ஒரே மாடல் லேப்டாப்ப ரெண்டு பேருக்குக் குடுத்திருப்பாங்க, பேட்டரியும் ஒரே சைஸ்தான், ஆனா ஒருத்தருக்கு சாயங்காலம் வரைக்கும் தாங்கும், இன்னொருத்தர் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாடியே சார்ஜர் தேடி அலைவாரு. உடனே எல்லாரும் சொல்றது பேட்டரி போச்சு மாத்துங்கன்னுதான். பாதி நேரம் பேட்டரி மேல தப்பே இருக்காது, உள்ள வேலையே செய்யாம கரண்ட் குடிச்சிட்டிருக்கிற ஒரு சிப்பும், தேவைக்கு மேல எரியிற ஸ்கிரீனும்தான் காரணமா இருக்கும்.

மொதல்ல கணக்கு. பேட்டரி ஸ்டிக்கர்ல வாட்-ஹவர்னு, அதாவது எத்தன வாட்ட எத்தன மணி நேரம் குடுக்கும்னு, ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, பார்க்க வேண்டியது அதுதான், எத்தன செல்லுங்கிறது ரெண்டாம்பட்சம். 2008ல வந்த லெனோவோ லேப்டாப் திங்க்பேட் டி400 எடுத்துக்கலாம், இந்த விஷயம் மொத்தமும் புரியிறதுக்கு அத விட நல்ல மெஷின் எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதோட 9 செல் பேட்டரி 10.8 வோல்ட், 7.8 ஆம்பியர்-ஹவர், ரெண்டையும் பெருக்கினா 84 வாட்-ஹவர். மெஷின் மொத்தமா 12 வாட் இழுக்குதுன்னு வச்சுக்குவோம், 7 மணி நேரம் வரும். அதே மெஷின் 21 வாட் இழுத்தா 4 மணி நேரத்துல படுத்துடும். வித்தியாசம் வெறும் 9 வாட்தான், ஒரு சின்ன எல்இடி பல்பு எரியிற அளவு, ஆனா அதுல 3 மணி நேரம் காணாம போயிடுது.

சரி அந்த 9 வாட் எங்க போகுது? மெயில், எக்செல், பிரவுசர்னு வேலை பார்க்கும்போது ப்ராசஸர் பெரும்பாலும் தூங்கிட்டுதான் இருக்கும், நீங்க ஒரு கீ அழுத்தி அடுத்த கீ அழுத்துறதுக்குள்ள அது எத்தனையோ தடவை தூங்கி எந்திரிச்சிடும். தூங்கத் தெரியாத ஆளுங்க ரெண்டு பேரு, ஸ்கிரீனுக்குப் பின்னால எரியிற பேக்லைட்டும், ஸ்கிரீனுக்கான படத்த வரையிற தனி கிராஃபிக்ஸ் சிப்பும்.

கிராஃபிக்ஸ்ல ரெண்டு வகை இருக்கிறது நிறைய பேருக்குத் தெரியும். இன்டலோட இணைந்த கிராஃபிக்ஸ் ஒண்ணு, அதுக்குன்னு தனி மெமரி கிடையாது, ரேம்லயே கொஞ்சம் எடுத்துக்கும், கரண்டும் கம்மி. இன்னொண்ணு ஏடிஐ, என்விடியா மாதிரி கம்பெனிகளோட தனி சிப், சொந்த மெமரியோட வரும், கம்ப்யூட்டர்ல டிசைன் வரையிற கேட் (CAD), 3டி வேலைக்கெல்லாம் அதுதான் வேணும். அந்தத் தனி சிப்புல இருக்கிற கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்ல ஒவ்வொண்ணுலயும் துளித் துளியா கரண்ட் கசியும், கூடவே அதோட மெமரிய விடாம ரெஃப்ரெஷ் பண்ணிட்டே இருக்கணும், அதனால சும்மா டெஸ்க்டாப்ப காட்டிட்டு நின்னாலே சில வாட் போயிடும். அப்போ ரெண்டையும் வச்சு, வேண்டாதப்ப பெருச அணைச்சிடலாமேன்னு யோசிச்சதுதான் மாத்திக்கிற கிராஃபிக்ஸ்.

2006ல சோனி வயோ எஸ்இசட் லேப்டாப்ல கீபோர்டுக்கு மேல நிஜமாவே ஒரு சுவிட்ச் இருந்துச்சு, ஒரு பக்கம் ஸ்டாமினா இன்னொரு பக்கம் ஸ்பீடுன்னு எழுதியிருக்கும், தள்ளிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். டி400ல ரீஸ்டார்ட் வேண்டாம், கீழ டாஸ்க்பாருல இருந்தே இன்டல் ஜிஎம்ஏ 4500ல இருந்து ஏடிஐ ரேடியான் எச்டி 3470க்கு மாத்தலாம், மாத்தும்போது ஸ்கிரீன் சில செகண்ட் கறுப்பாகி திரும்ப வரும். அந்தக் கறுப்புக்குக் காரணம் போர்டுல இருக்கிற மக்ஸ்னு ஒரு சின்ன பாகம். ரெண்டு சிப்புல இருந்தும் வீடியோ லைன் அதுகிட்ட வந்து சேரும், அங்கிருந்து ஸ்கிரீனுக்கு ஒரே லைன்தான் போகும், ரயில் தண்டவாளத்துல பாயின்ட் மாத்துற மாதிரி ஒரு பக்கத்தத் துண்டிச்சு இன்னொரு பக்கத்த சேர்க்கும். துண்டிச்ச சிப்போட கரண்ட்ட அப்படியே நிறுத்திடலாம், சேமிப்பு முழுசா கிடைக்கும்.

இதுல பெரிய தலைவலி டிரைவர், அதாவது சிப்ப விண்டோஸோட பேச வைக்கிற சாஃப்ட்வேர். அப்ப இருந்த விண்டோஸ் விஸ்டா ஒரு நேரத்துல ஒரே ஒரு டிஸ்ப்ளே டிரைவரத்தான் ஏத்துக்கும், அதனால ரெண்டு கம்பெனி டிரைவரையும் ஒண்ணா கட்டி லேப்டாப் கம்பெனிதான் ஒரு பேக்கேஜா குடுக்கணும், சிப் கம்பெனி சைட்டுல புது டிரைவர் வந்திருந்தாலும் அத நேரா போட முடியாது. 3டி புரோகிராம் ஏதாவது ஓடிட்டிருந்தா அத மூடுன்னு வேற கேக்கும். இவ்ளோ இருந்தா யாரு மாத்துவா, வாங்கின அன்னைக்கு எதுல இருந்துச்சோ அதுலயே ஓட்டினவங்கதான் அதிகம்.

2010 பிப்ரவரில என்விடியா ஆப்டிமஸ்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. விண்டோஸ் 7ல வேற வேற கம்பெனி டிரைவர் ஒரே நேரத்துல இருக்கலாம்னு ஆனதால இது முடிஞ்சுது. இதுல மக்ஸே கிடையாது, ஸ்கிரீன் எப்பவும் இன்டலோடதான் இணைஞ்சிருக்கும். பெரிய வேலை வந்தா மட்டும் என்விடியா சிப் எந்திரிச்சு, படத்த தன்னோட மெமரில வரைஞ்சு, போர்டுல சிப்புங்கள இணைக்கிற பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியா ரேமுக்கு காப்பி பண்ணிக் குடுக்கும், அங்கிருந்து இன்டல் எடுத்து ஸ்கிரீன்ல காட்டும். 1920க்கு 1080 ஸ்கிரீன்ல ஒரு ஃபிரேம், அதாவது ஒரு முழுப் படம், கிட்டத்தட்ட 83 லட்சம் பைட், செகண்டுக்கு 60 ஃபிரேம்னா சுமார் 50 கோடி பைட் நகரணும், அந்த வழிக்கு இது பெரிய சுமையே இல்ல. வேலை முடிஞ்சதும் சிப்ப அணைச்சிடலாம், ஸ்கிரீன் கறுப்பாகாது, யாரும் எதையும் அழுத்த வேண்டாம். எனக்கு இன்னைக்கும் இது ரொம்ப அழகான யோசனையாத்தான் படுது.

ஆனா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் பயன்படுத்தினவங்க பல வருஷம் கஷ்டப்பட்டாங்க, டிரைவர் சப்போர்ட் இல்லாததால சிப்ப அணைக்கவே முடியாம சூடும் சார்ஜ் இழப்பும்தான் மிச்சம். 2012ல ஃபின்லாந்து ஆல்டோ யுனிவர்சிட்டில ஒருத்தர் இந்த ஆப்டிமஸ் பிரச்சனையக் கேக்கப்போய்தான் லினக்ஸ உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கேமராவப் பார்த்து என்விடியாவுக்கு நடுவிரல் காட்டினாரு.

இப்ப ஸ்கிரீனுக்கு வருவோம். பெரும்பாலான லேப்டாப்ல இருக்கிற எல்சிடி ஸ்கிரீன் தானா ஒளி விடாது, பின்னால ஒரு வெள்ளை லைட் எரிஞ்சிட்டே இருக்கும், முன்னால இருக்கிறதெல்லாம் அத மறைக்கிற வேலைதான் செய்யுது. ஒரே திசையில அதிர்ற ஒளிய மட்டும் விடுற முதல் ஃபில்டர், அதாவது போலரைசர்லயே ஏறக்குறைய பாதி ஒளி காலி. அப்புறம் கலர் ஃபில்டர், சிவப்புக் கட்டம் சிவப்ப மட்டும் விட்டு மத்த ரெண்டையும் முழுங்கிடும், அதுல மூணுல ரெண்டு பங்கு போச்சு. பிக்சலுக்கு நடுவுல ஓடுற டிரான்சிஸ்டரும் வயரும் மறைக்கிறது வேற. கடைசியில உங்க கண்ணுக்கு வர்றது பத்துல ஒரு பங்கு கூட தேறாது. அதனாலதான் பிரைட்னஸ கொஞ்சம் குறைச்சாலே பேட்டரில பெரிய வித்தியாசம் தெரியுது, முன்னால 1 பங்கு குறையணும்னா பின்னால 10 பங்குக்கு மேல குறையுது. பிக்சல் ரொம்ப நெருக்கமா இருக்கிற 4கே ஸ்கிரீன் சார்ஜ் அதிகமா தின்கிறதும் இதனாலதான், பிக்சல் சின்னதாக ஆக ஒளி வர்ற இடைவெளியும் சுருங்கும், அதே வெளிச்சம் வேணும்னா பேக்லைட்ட ஏத்தணும். 14 இன்ச்ல எக்செல் பார்க்க 4கே வாங்கறவங்கள நான் தடுக்கத்தான் பார்ப்பேன்.

ஓஎல்இடின்னு இன்னொரு வகை ஸ்கிரீன் இருக்கு, அதுல ஒவ்வொரு பிக்சலும் தானா எரியும், கறுப்புன்னா அணைஞ்சிடும். படம் பார்க்க அருமை, ஆனா நாள் முழுக்க வெள்ளைப் பக்கத்துல டைப் பண்றவருக்கு அது பேட்டரிக்கு நல்லதில்ல, டார்க் மோட் போட்டாதான் லாபம்.

இந்த விஷயத்துல நல்லபடியா நடந்த மாற்றமும் இருக்கு. பழைய மெஷின்ல பேக்லைட்டா ஒரு மெல்லிசான பாதரச டியூப் இருக்கும், அத எரிக்க நூத்துக்கணக்கான வோல்ட் வேணும், அதுக்குன்னு இன்வெர்ட்டர்னு ஒரு தனி போர்டு. எல்இடி வந்ததும் ரெண்டும் போச்சு. அப்புறம் பேனலுக்குள்ளயே, அதாவது ஸ்கிரீனுக்குள்ளயே, சின்ன மெமரி வச்சாங்க, ஸ்கிரீன்ல எதுவும் மாறலன்னா கடைசி ஃபிரேம பேனலே தனக்குத்தானே காட்டிக்கும், கிராஃபிக்ஸ் பக்கம் தூங்கப் போயிடலாம். நீங்க ஒரு பக்கத்த அசையாம படிச்சிட்டிருக்கும்போது உள்ள இதுதான் நடக்குது. 2018ல இன்டல், பேனல் பண்ற ஷார்ப், இன்னோலக்ஸ் கம்பெனிகள் கூட சேர்ந்து 1 வாட்டுல ஓடுற பேனல அறிவிச்சாங்க, அடுத்த வருஷமே எச்பி எலைட் டிராகன்ஃப்ளைல அந்த மாதிரி பேனல் வந்துச்சு.

உங்க மெஷின்ல தனி சிப் நிஜமாவே தூங்குதான்னு பார்க்க, என்விடியா கண்ட்ரோல் பேனல்ல ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) ஆக்டிவிட்டி ஐக்கான ஆன் பண்ணி வைங்க, டாஸ்க்பாருல கலரா மாறினா சிப் முழிச்சிருக்குன்னு அர்த்தம், கிளிக் பண்ணா எந்த புரோகிராம் எழுப்புதுன்னு பேரோட காட்டும். சும்மா பிரவுசரோ சாட் ஆப்போ அதுல இருந்தா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல கிராஃபிக்ஸ் பக்கம் போய் அந்த ஆப்புக்கு மட்டும் பவர் சேவிங்னு வச்சா போதும். டிவைஸ் மேனேஜர்ல போய் சிப்ப டிசேபிள் பண்ணாதீங்க, நிறைய பேரு சொல்ற அட்வைஸ் இதுதான், ஆனா தூங்குன்னு சிப்புக்குச் சொல்றதே டிரைவர்தான், டிரைவர எடுத்துட்டா அணைக்க ஆளில்லாம சிப் கரண்ட் குடிச்சிட்டே நிக்கலாம். இன்னொண்ணு, சில வொர்க்ஸ்டேஷன் மாடல்ல, 2011ல வந்த திங்க்பேட் டபிள்யூ520 மாதிரி, வெளி மானிட்டருக்கான டிஸ்ப்ளேபோர்ட் நேரா என்விடியா சிப்போடதான் இணைஞ்சிருக்கும், மானிட்டர் மாட்டியிருக்கிற வரைக்கும் நீங்க என்ன செட்டிங் வச்சாலும் அது தூங்காது. மீட்டிங் ரூம் ப்ரொஜெக்டர்ல பேட்டரிலயே ஓட்டறவங்க வாங்கறதுக்கு முன்னாடி எந்த போர்ட் எந்த சிப்புக்குப் போகுதுன்னு மட்டும் கேட்டுக்குங்க.