மறியலால் வந்தவருக்கு மனநல வைத்தியம்: கடிதம் தேடி அலையாதீர்கள்

மறியலில் (சிறையில்) இருந்து வந்த ஒருவருக்கு நித்திரை இல்லை, பயம், தனக்குத்தானே கதைக்கிறார் என்றால், நேரே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. காசு கட்டத் தேவையில்லை. வெளிநோயாளர் பிரிவில் வைத்தியரிடம் சொன்னால் கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தருவார்.

அலைக்கழிப்பு தொடங்குவது வேறு இடத்தில். "விதானையாரின் கடிதம் கொண்டு வாங்கோ" என்று யாராவது சொல்வார்கள் (விதானையார் என்றால் கிராம அலுவலர்). விதானையார் அடையாள அட்டை கேட்பார். அட்டை மறியலுக்குள் போனபோதே தொலைந்திருக்கும். புதிதாக எடுக்க மறுபடி விதானையாரின் கையொப்பம். இந்தச் சுற்றில் மாட்டிக் குளிசை இல்லாமலே மாதக்கணக்கில் கிடந்தவர்களைக் கண்டிருக்கிறேன். நோயாளியை வைத்தியர் பார்ப்பதற்கு இவை எதுவும் நிபந்தனை இல்லை. பெயரையும் முகவரியையும் கொடுங்கள். பதிவு மேசையில் சண்டை வேண்டாம், "வைத்தியரோடயே கதைக்கிறன்" என்று நில்லுங்கள். மறியலில் இருந்த கதையையும் வரிசையில் சனத்துக்கு முன்னால் சொல்லத் தேவையில்லை. வைத்தியரின் அறைக்குள் சொன்னால் போதும். அட்டை அலுவல் அதன் பாட்டில் நடக்கட்டும், வைத்தியம் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மருந்துதான் பெரிய பொறி. உள்ளே ஒழுங்காகக் குளிசை எடுத்தவர் வெறுங்கையோடு வெளியே வருவார். முதல் நாட்களில் நன்றாகத்தான் இருப்பார். "சுகமாகிவிட்டுது" என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். பிறகு நித்திரை குறையும், சந்தேகம் கூடும், கதவைப் பூட்டிக்கொண்டு இருப்பார். திடீரென மருந்தை நிறுத்தியதால் நோய் திரும்புவது இப்படித்தான். ஆகவே விடுதலைக்கு முன்பே, பார்க்கப் போகும் நாளில், சிறைச்சாலை நலன்புரி உத்தியோகத்தரிடம் மருந்தின் பெயரும் அளவும் எழுதிய துண்டைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வெறும் குளிசை மட்டையாவது போதும், எறியாமல் கொண்டு போங்கள். ஊசி போட்டவர் என்றால் கடைசி ஊசியின் திகதி கட்டாயம் வேண்டும்.

பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார். மனம் விட்டுக் கதைக்க நல்ல இடம். ஆனால் அவர் மருந்து எழுத முடியாது. காதில் குரல் கேட்கிறது என்பவரை அங்கே மட்டும் கூட்டிப்போய் நாளைக் கடத்தாதீர்கள்.

பிணையில் வந்தவருக்குப் பொலிசில் கையொப்பமிடும் நாளும் கிளினிக் நாளும் ஒன்றாக விழலாம். கையொப்பத்தைத் தவறவிடப் பயந்து ஆட்கள் கிளினிக்கைத்தான் விடுகிறார்கள். கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லி வேறு திகதி கேளுங்கள். கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள்.

போதைப்பொருள் வழக்கில் இருந்தவரின் வீட்டார் இன்னொன்றும் கவனியுங்கள். மறியலுக்குள் போதைப்பொருளை விட்டிருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து அதே அளவு எடுத்தால் உயிரே போகலாம்.

"சாகப் போகிறேன்" என்று அவர் சொன்னால் விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கதைக்க ஆள் வேண்டுமென்றால் மனநல உதவி இலக்கம் 1926, இரவிலும் எடுப்பார்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று மறைக்காதீர்கள்: தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமே இல்லை.